கோர்ட்டுக்குப் பெஞ்ச் வாங்குகிறவர்களுக்கு

ஆயக்குடிக்காரருக்குக் கோர்ட் என்றால் பழனிதான். பாகப்பிரிவினையோ, வரப்புத் தகராறோ, கொய்யாத் தோப்புக்குப் போகும் வண்டிப்பாதையோ, ஜீவனாம்சமோ, எதுவானாலும் பழைய ஆயக்குடியிலோ புது ஆயக்குடியிலோ பஸ் ஏறிப் பழனியில் இறங்கியாக வேண்டும். காலை பத்தரைக்குக் கோர்ட் கூடும். பெயர் கூப்பிட மதியம் ஆகும், சில நாள் சாயங்காலமே ஆகிவிடும். உள்ளே போய்க் கும்பிட்டு நின்றால் இரண்டு நிமிடத்தில் அடுத்த வாய்தா தேதி கிடைத்துவிடும். மீதி நேரமெல்லாம் வராண்டாவில்தான் கழிகிறது.

புதிதாக ஒரு கோர்ட் கட்டடம் எழும்போதோ, பழைய கட்டடத்துக்குச் சாமான் மாற்றும்போதோ எழுதப்படும் பட்டியல் பெரும்பாலும் நீதிபதியின் நாற்காலியில் தொடங்கும். அடுத்து சேம்பர் சோபா, டயஸ், வக்கீல் மேசை, திரைச்சீலை. வராண்டா பெஞ்ச் கடைசி வரியில் வரும், அதுவும் பணம் மிஞ்சினால். பட்டியலைத் தலைகீழாக எழுத வேண்டும் என்பது என் கட்சி. கட்டடத்தைக் கட்டித் தரும் பொதுப்பணித் துறைப் பொறியாளர், சாமானுக்குக் கையெழுத்துப் போடும் நீதித்துறை அலுவலர், யோசனை சொல்லும் வக்கீல் சங்கத்தார் ஆகிய மூவரையும் மனதில் வைத்தே இதை எழுதுகிறேன். ஆகவே வராண்டாவிலிருந்து ஆரம்பிப்போம்.

வராண்டா: செய்ய வேண்டியவை

• தலையை எண்ணிவிட்டு ஆர்டர் போடுங்கள். கூட்டம் அதிகமான ஒரு வாய்தா நாளில் காலை பதினொரு மணிக்கு எத்தனை பேர் நிற்கிறார்கள், எத்தனை பேர் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்தாலே போதும், பெஞ்ச் கணக்கு வந்துவிடும். கட்டடத்தின் சதுர அடியை வைத்துப் போடும் கணக்கு வராண்டாவில் செல்லுபடியாகாது.

• உட்காரும் உயரம் 43 முதல் 45 சென்டிமீட்டர் இருக்கட்டும். அதற்குத் தாழ்ந்தால் முழங்கால் வலிக்காரர் எழ முடியாது. உயர்ந்தால் குள்ளமானவர்களுக்குக் கால் தொங்கும். முதுகுச் சாய்மானம் கட்டாயம். பெஞ்சின் இரு முனையிலும் கைப்பிடி வேண்டும், நீள பெஞ்சானால் நடுவிலும் ஒன்று. எழுபது வயதுப் பெரியவர் எழுந்திருக்கும்போது கவனித்துப் பாருங்கள், முதலில் அவர் கை எதையாவது பிடிக்கத் தேடும். பிடிக்க ஒன்றும் இல்லையென்றால் பக்கத்தில் இருப்பவரின் தோள்தான்.

• மரச்சட்டம் வரிசையாக அடித்த பெஞ்சே நம் ஊர் வெயிலுக்கு ஏற்றது. பஸ் ஸ்டாண்டிலும் ஆஸ்பத்திரியிலும் போடும் துளை போட்ட மூன்று சீட் ஸ்டீல் நாற்காலி பார்க்கப் பளிச்சென்று இருக்கும், கூட்டிப் பெருக்கவும் லேசு. ஆனால் மேற்குப் பார்த்த திறந்த வராண்டாவில் சித்திரை மாத மத்தியானம் அதில் உட்கார முடியாது. அது கெடுவதிலும் ஒரு முறை உண்டு. சீட்டுகளைத் தாங்கும் குறுக்குக் குழாயில் போல்ட் தளரும், ஒரு சீட் மட்டும் முன்னால் சாயும், அதில் யாரும் உட்கார மாட்டார்கள். பிறகு அதன் ஓரத் தகடு நிமிர்ந்து அடுத்த சீட்டுக்காரியின் சேலையைக் கிழிக்கும். மூன்று பேருக்கு வாங்கிய சாமான் இரண்டு பேருக்கு ஆகி, கடைசியில் ஒருவருக்கு ஆகும். ஸ்டீல்தான் வாங்குவது என்றால் நிழலுள்ள உள் வராண்டாவில் போடுங்கள். போல்ட் முடுக்குவது யார் வேலை, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை என்பதையும் ஆர்டரிலேயே எழுதிவிடுங்கள்.

• எதிரும் புதிருமான கட்சிக்காரர்கள் முழங்கால் இடிக்க உட்காராதபடி பெஞ்சுகளைப் பிரித்துப் போடுங்கள். ஜீவனாம்ச வழக்குக்கு வந்த பெண்ணும் அவள் கணவன் வீட்டாரும், அடிபட்டவரும் அடித்தவரும் ஒரே பெஞ்சில் அரை நாள் இருப்பது இன்று சாதாரணமாக நடக்கிறது. சமாதானம் பேசவும் மிரட்டவும் அந்த பெஞ்ச்தான் வசதியாகிறது. சாட்சி பிறழ்ந்தார் என்று கோர்ட்டில் எழுதப்படுவதற்கு முன்பே வராண்டாவில் பாதி பேச்சு முடிந்திருக்கும். கூப்பிடும் குரல் எட்டும் தூரத்தில், காத்திருக்க ஒன்றை ஒன்று பார்க்காத இரண்டு இடமாவது வேண்டும். தனிக் கட்டடம் தேவையில்லை, பெஞ்சைத் திருப்பிப் போட்டாலே பாதி வேலை முடிந்தது.

• பெஞ்ச் வரிசையின் நடுவிலேயே ஒரு சக்கர நாற்காலி நிற்கும் அளவு இடத்தைக் காலியாக விடுங்கள். ஓரத்தில், தூணுக்குப் பின்னால் என்று ஒதுக்காதீர்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 நீதி கேட்டு வருவதையும் உரிமையாகவே பேசுகிறது. சாய்தளம் 1:12 சரிவில் இருந்து, கதவு 90 சென்டிமீட்டர் திறந்து, உள்ளே சக்கர நாற்காலி திரும்ப ஒன்றரை மீட்டர் இடமும் இருந்தால்தான் வாசலில் ஒட்டும் நீல நிறப் படத்துக்கு அர்த்தம் உண்டு.

• பெஞ்சுக்கு அடியில் இடம் காலியாக இருக்கட்டும். கோர்ட்டுக்கு வருகிறவர் வெறுங்கையோடு வருவதில்லை. பத்திர நகல் வைத்த மஞ்சள் பை, தண்ணீர் பாட்டில், தூக்குவாளி எல்லாம் இருக்கும். துடைப்பமும் அங்கே நுழைய வேண்டும்.

• கழிப்பறையையும் தண்ணீரையும் சாமான் பட்டியலில் சேர்க்க மாட்டார்கள் என்றாலும் சொல்லிவிடுகிறேன். ராஜீப் கலிதா வழக்கில் 2025 ஜனவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பின்படி, எல்லா நீதிமன்ற வளாகங்களிலும் ஆண், பெண், மாற்றுத்திறனாளி, திருநர் ஆகியோருக்குத் தனித்தனிக் கழிப்பறை வேண்டும். கதவில் தாழ்ப்பாள், பையை மாட்ட ஒரு கொக்கி, குழந்தைக்குப் பாலூட்ட மறைவான அறையில் ஒரு நாற்காலி. இவை சில ஆயிரம் ரூபாய்ச் சமாச்சாரம்.

வராண்டா: செய்யக் கூடாதவை

• நடைபாதையைக் குறுக்காதீர்கள். இதற்கு டெல்லியிலேயே உதாரணம் இருக்கிறது. உச்ச நீதிமன்றத்தின் தாழ்வாரங்களை ஏ.சி. செய்ய இரண்டரைக் கோடி ரூபாய்க்கு மேல் செலவழித்துக் கண்ணாடித் தடுப்பு போட்டார்கள். வழி குறுகி நெரிசலாகிறது என்று வக்கீல்கள் குறை சொன்னார்கள். 2025-ல் அத்தனையையும் கழற்றினார்கள், கழற்றவும் பல லட்சம் செலவானது. பழனி வராண்டாவில் அழகுக்கு வைக்கும் பூந்தொட்டிக்கும் இதே விதிதான்.

• உபயப் பொருளை வாங்காதீர்கள். கோயில் ஊருக்குப் பக்கத்தில் இருப்பதால் இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. கோயிலில் உபயதாரர் பெயரை டியூப்லைட் மேலேயே எழுதி, பெயர் மட்டும் தெரிந்து வெளிச்சம் தெரியாமல் போவதைப் பார்த்துப் பழகியவர்கள் நாம். அங்கே அது பக்தி. கோர்ட்டில் மின்விசிறிக்கும் பெஞ்சுக்கும் உபயம் தந்தவர் நாளைக்கு அதே கோர்ட்டில் வாதியாகவோ பிரதிவாதியாகவோ நிற்கலாம். அவர் பெயர் எழுதிய பெஞ்சில் எதிர்க்கட்சிக்காரர் உட்கார்ந்திருப்பார். தருகிறவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் வேண்டாம்.

• விளம்பரம் அச்சடித்த இலவச நாற்காலிக்கும் அதே பதில்.

கோர்ட் ஹால்: முதலில் காது, பிறகு கண்

கோர்ட் ஹாலில் நடப்பதெல்லாம் பேச்சு. சாட்சி சொல்வது ஸ்டெனோ காதில் விழவில்லையென்றால் பதிவில் வராது, பதிவில் வராதது அப்பீலில் இல்லாதது. அப்படியிருக்க நாம் பளபளக்கும் டைல்ஸ் தரை, வெறும் சுவர், உயரமான கூரை என்று கட்டி, அதற்குள் கரகரவென்று இழுபடும் ஸ்டீல் நாற்காலிகளைப் போடுகிறோம்.

சண்டிகர் உயர் நீதிமன்றத்தை வடிவமைத்த லெ கொர்பூசியேவுக்கு இந்தச் சிக்கல் பெரிய அளவில் வந்தது. 1955-ல் திறந்த அந்தக் கான்கிரீட் கட்டடத்தின் கோர்ட் ஹால்களில் எதிரொலியை அடக்க, சுவரளவு கம்பளித் தொங்கல்களைத் தானே வரைந்து காஷ்மீரில் நெய்து வாங்கி மாட்டினார். நமக்குக் காஷ்மீர் வரை போக வேண்டியதில்லை. வீட்டுத் துணிகளுக்குப் பெயர்போன கரூர் பக்கத்தில்தான் இருக்கிறது, கோ-ஆப்டெக்ஸும் இருக்கிறது. கனமான கைத்தறித் திரை, பின்சுவரில் துணி போர்த்திய பலகை, நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் புஷ். இந்த மூன்றும் எதிரொலியை நன்றாகவே குறைக்கும்.

செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. சாமான் எல்லாம் போட்டு முடித்த பிறகு, மின்விசிறிகளை முழு வேகத்தில் சுற்றவிட்டு, சாட்சிக் கூண்டில் ஒருவரை நிறுத்தித் தணிந்த குரலில் நான்கு வரி வாசிக்கச் சொல்லுங்கள். ஸ்டெனோ அதை எழுதட்டும். எழுதியது சரியாக இருந்தால் ஒப்பந்தக்காரருக்குப் பில் பாஸ் செய்யலாம்.

கோர்ட் ஹால்: செய்ய வேண்டியவை

• சாட்சிக் கூண்டுக்குள் நாற்காலி போடுங்கள். குறுக்கு விசாரணை ஒன்றரை மணி நேரம் போகிற நாள் உண்டு. பத்திரத்தை விரித்துக் காட்ட ஒரு சாய்வுப் பலகையும், மைக்கும் வேண்டும். கூண்டில் படி இருந்தால் எடுத்துப் போடும் சிறு சாய்தளம் ஒன்றும் இருக்கட்டும்.

• குற்றம் சாட்டப்பட்டவர் உட்காரவும் இடம் வேண்டும். இது கருணை மனு அல்ல. அடையாளம் காட்டுவது போன்ற தேவை இருந்தாலொழிய விசாரணையின்போது அவரை உட்கார அனுமதிக்க வேண்டும் என்று அவ்தார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே சொல்லிவிட்டது. அப்படியும் பல கோர்ட்டுகளில் கூண்டுக்குள் பெஞ்சே கிடையாது. வாங்காததை எப்படி அனுமதிப்பது?

• ஸ்டெனோ மேசையிலிருந்து சாட்சியின் வாய் தெரிய வேண்டும். பெஞ்ச் கிளார்க் உட்கார்ந்த இடத்திலிருந்து டயஸுக்கு வழக்குக் கட்டை நீட்டினால் எட்ட வேண்டும். நாள் முழுக்க எம்பி எம்பிக் கொடுத்தால் ஆறு மாதத்தில் அவருக்குத் தோள்பட்டை போய்விடும். டயஸ் உயரத்தை முடிவு செய்யும்போது அவரை ஒரு வார்த்தை கேளுங்கள். யாரும் கேட்பதில்லை.

• மேசைகளில் ஒயர் போகும் ஓட்டையும் அடியில் ஒயர் தட்டும் முன்கூட்டியே இருக்கட்டும். மின்-நீதிமன்றத் திட்டத்தின் மூன்றாம் கட்டத்துக்கு 2023 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை 7,210 கோடி ரூபாய் ஒதுக்க ஒப்புதல் தந்தது. கணினி, ஸ்கேனர், வீடியோ கான்பரன்ஸ் திரை எல்லாம் எப்படியும் வரும். தேக்கு மேசையில் பிறகு டிரில் போட்டுக் குடைவது பாவம்.

• நீதிபதியின் நாற்காலி உயரம் மாற்றக்கூடியதாக, இடுப்புக்குத் தாங்கல் உள்ளதாக இருக்கட்டும். நீதிபதிகள் மாறுதலில் போவார்கள், நாற்காலி அங்கேயே இருக்கும். ஆறடிக்காரருக்கு என்று செய்த நாற்காலியில் ஐந்தடி அம்மையார் வந்து உட்காருவார்.

கோர்ட் ஹால்: செய்யக் கூடாதவை

• சிம்மாசனம் செய்யாதீர்கள். செதுக்கு வேலையும் சிங்க முகமும் 1892-ல் திறந்த சென்னை உயர் நீதிமன்றத்தின் வண்ணக் கண்ணாடிக்கும் ஓவியக் கூரைக்கும் கீழே பொருந்தலாம். டைல்ஸ் போட்ட தாலுகா கோர்ட்டில் கல்யாண மண்டப மேடை மாதிரி இருக்கும். நீதிபதி கே. சந்துரு உயர் நீதிமன்றத்தில் தனக்கு முன்னால் செங்கோல் ஏந்தி நடக்கும் டவாலியே வேண்டாம் என்று சொன்னவர், அதனால் அவர் தீர்ப்பின் எடை குறைந்துவிடவில்லை. நாற்காலி முதுகில் போர்த்தும் வெள்ளைத் துண்டையும் விட்டுவிடலாம் என்பது என் எண்ணம். அதிகாரத்தின் அடையாளமாக ஒரு டர்க்கி டவல் எப்படி வந்தது என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

• வக்கீல் மேசைக்குக் கண்ணாடி போடாதீர்கள். டியூப்லைட் பிரதிபலித்து எழுத்து தெரியாது. கட்டைத் தூக்கிப் போட்டால் விரிசல் விழும்.

• கையில் தூக்கி வீசும்படியான இலகு பிளாஸ்டிக் நாற்காலிகளை ஹாலுக்குள் தனித்தனியாகப் போடாதீர்கள். கோபம் தலைக்கேறும் இடம் அது.

• படங்களை நீங்களாக முடிவு செய்யாதீர்கள். எந்தத் தலைவர் படம் இருக்கலாம் என்பது உயர் நீதிமன்றத்தின் முடிவு. 2023 ஜூலையில் காந்தி, திருவள்ளுவர் படங்கள் மட்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் சுற்றறிக்கை அனுப்ப, அம்பேத்கர் படத்தைக் குறித்து மாநிலமெங்கும் எதிர்ப்பு எழுந்தது. பிறகு சட்ட அமைச்சர் தலைமை நீதிபதியைச் சந்தித்தார், எந்தப் படமும் அகற்றப்படாது என்று விளக்கம் வந்தது. சுவரில் ஒரு ஆணி என்பது கோர்ட்டில் அவ்வளவு பெரிய விஷயம்.

குழந்தை வாக்குமூலம் தரும் அறை

போக்சோ வழக்குகள் திண்டுக்கல் சிறப்பு நீதிமன்றத்துக்குப் போனாலும், குழந்தையின் வாக்குமூலத்தைப் பதிவது பெரும்பாலும் அந்தந்த வட்டார மாஜிஸ்திரேட்தான். பாதிக்கப்படக்கூடிய சாட்சிகளுக்குத் தனி மையங்கள் அமைக்கும்படி 2022 ஜனவரியில் ஸ்மிருதி படாடே வழக்கில் உச்ச நீதிமன்றம் எல்லா உயர் நீதிமன்றங்களுக்கும் உத்தரவிட்டது. 2012-ன் போக்சோ சட்டமோ, சாட்சி சொல்லும் குழந்தையின் கண்ணில் குற்றம் சாட்டப்பட்டவர் படக்கூடாது என்கிறது.

சுவரில் கார்ட்டூன் வரைந்தால் அறை தயார் என்று நினைத்துவிடக் கூடாது. மாஜிஸ்திரேட்டும் குழந்தையும் ஒரே உயரத்தில் உட்காரும் இரண்டு நாற்காலி, அம்மாவோ பாட்டியோ பக்கத்தில் இருக்க ஒரு இருக்கை, கூர்முனை இல்லாத தாழ்ந்த மேசை, தாளும் கலர் பென்சிலும், வெளியே பேச்சு கேட்காத கதவு, பக்கத்திலேயே கழிப்பறை. வருகிற வழி போலீஸ்காரர்களும் கைதிகளும் நிற்கும் வராண்டா வழியாக இருக்கக் கூடாது. பொம்மை வையுங்கள், ஆனால் கண்ணாடி அலமாரிக்குள் பூட்டி வைக்காதீர்கள். பெரிய பெண் பிள்ளைகளும் இந்த அறைக்கு வருவார்கள். பதினாறு வயதுப் பெண்ணை யானைப் படம் போட்ட குட்டி நாற்காலியில் உட்காரச் சொல்வது அவளை அவமானப்படுத்துவதாகும்.

ரிக்கார்டு ரூம், சொத்து அறை

• கட்டுகள் தரையில் கிடக்கக் கூடாது. கீழ்த் தட்டு தரையிலிருந்து அரை அடி உயரத்தில், ரேக் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி. கரையான் சுவரை ஒட்டித்தான் ஏறும். ஒட்டாமல் நின்றால் அதன் மண் கோடு கண்ணில் படும்.

• மர அலமாரி வேண்டாம், ஸ்டீல் ரேக் போதும். ஒட்டுப்பலகை கட்டாயம் வேண்டும் என்றால் தண்ணீர் தாங்கும் ரகம் கேளுங்கள், ஐ.எஸ். 710 முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். மரத்தூளை அழுத்திச் செய்த பலகை ஒரு ஐப்பசி மழைக்கே உப்பிவிடும்.

• கொடைக்கானல் கோர்ட்டுக்கு இதே பட்டியலை அப்படியே அனுப்பாதீர்கள். ஒரே மாவட்டம்தான், ஆனால் அங்கே மூடுபனி ஜன்னல் வழியாக உள்ளே வரும். பவுடர் கோட்டிங் இல்லாத ஸ்டீல் துரு ஏறும், பஞ்சு வைத்த நாற்காலி பூஞ்சணம் பிடிக்கும், கனத்த திரை காயவே காயாது. அங்கே துணியைக் குறைத்து, காற்றோட்டத்தைக் கூட்டி, ரிக்கார்டு ரூமில் ஈரம் உறிஞ்சும் கருவிக்கு ஒரு பிளக் பாயின்ட் கொடுங்கள். பழனியில் எதிரி தூசியும் வெயிலும், மலையில் ஈரம்.

• வழக்குச் சொத்து அறைக்குப் பூட்டு வாங்கத் தூரம் போக வேண்டாம். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டு நம் மாவட்டத்துச் சரக்கு. நகையும் ஆயுதமும் பணமும் சாட்சிப் பொருளாகக் கிடக்கும் அறைக்கு விலை மலிந்த பூட்டு போடுகிறவர்களை என்ன சொல்வது!

நிறம், மரம், பொருத்தம்

இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கட்டடம் முழுக்க ஒரே மர நிறம், ஒரே லேமினேட் எண். அந்த எண்ணை ஸ்டாக் ரிஜிஸ்டரில் எழுதி வைத்தால் ஐந்து வருடம் கழித்து ஒரு மேசை வாங்கும்போது தேட வேண்டியிருக்காது. இருக்கையின் நிறமும் தரையின் நிறமும் வேறாக இருக்கட்டும், கண் மங்கியவருக்கு நாற்காலி எங்கே முடிகிறது என்று தெரியும். கோர்ட் ஹாலில் மெரூன் வெல்வெட் வேண்டாம், தூசி உண்ணும். தரைவிரிப்பு வேண்டவே வேண்டாம், ஊன்றுகோல் தடுக்கும்.

பழைய சாமானை மட்டும் அவசரப்பட்டு எடைக்குப் போடாதீர்கள். சண்டிகர் அரசு அலுவலகங்களுக்காக பியர் ஜான்னரே வடிவமைத்த நாற்காலிகளைப் பழசு என்று ஏலத்தில் தள்ளிவிட்டார்கள். அவை வெளிநாட்டு ஏல நிலையங்களில் லட்சக் கணக்கில் விலை போவது தெரிந்த பிறகு, 2011-ல் உள்துறை அமைச்சகம் விற்பனைக்குத் தடை போட்டது. நம் கோர்ட்டுகளின் பழைய பெஞ்சுக்கு லண்டனில் கிராக்கி வரும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தக் காலத் தேக்குக்கு இழைத்துப் பாலிஷ் போட்டால் இன்னும் ஐம்பது வருடம் ஆயுசு இருக்கும். புது ஒட்டுப்பலகை மேசைக்கு ஐந்து வருட உத்தரவாதம் தருகிறவரைக் கண்டுபிடிப்பதே கஷ்டம்.

ஆர்டரில் கையெழுத்துப் போடும் முன்

டெண்டர் 1998-ம் ஆண்டு வெளிப்படைத்தன்மைச் சட்டப்படிதான் நடக்கும், குறைந்த விலைக்காரருக்குத்தான் போகும். ஆகவே தரத்தை முன்கூட்டியே விவரக்குறிப்பில் எழுதுவதுதான் உங்கள் கையில் இருக்கிறது. "நல்ல தரமான பெஞ்ச்" என்று எழுதினால் எது வந்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். மரம் எது, கனம் எத்தனை மில்லிமீட்டர், தகடு எந்த கேஜ், கைப்பிடி எத்தனை, போல்ட் எந்த அளவு என்று எழுதுங்கள். மாதிரிக்கு ஒரு பெஞ்ச் கேட்டு வாங்கி, அதை ஆபீஸ் அறையில் வைத்துப் பார்க்காமல் வராண்டாவில் ஒரு வாரம் போட்டு வையுங்கள். உட்கார்ந்து எழுந்த கட்சிக்காரர்களிடமும் வக்கீல் குமாஸ்தாக்களிடமும் கேட்டுவிட்டு மீதிக்கு ஆர்டர் கொடுங்கள்.

வாய்தாவுக்குப் போகிற ஆயக்குடிக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. உட்கார இடமில்லை, பெஞ்ச் உடைந்து கிடக்கிறது, கழிப்பறைக்குக் கதவு இல்லை என்றால் பஸ்ஸில் புலம்பிக்கொண்டே ஊர் திரும்பாதீர்கள். ஒரு வெள்ளைத்தாளில் நான்கு வரி எழுதி, திண்டுக்கல் முதன்மை மாவட்ட நீதிபதிக்கு அனுப்புங்கள், உங்கள் வக்கீல் மூலமாக சங்கத்துக்கும் ஒரு நகல் கொடுங்கள். வழக்கு எண்ணை மட்டும் அதில் எழுத வேண்டாம்.